சாமி முடிக்கு வழி விடுங்க

கூட்டத்தில் புகுந்து போவதற்கென்றே சிலருக்கு ஆண்டவன் முழங்கையைக் கொஞ்சம் கூர்மையாகச் செய்து அனுப்புவான். நாராயணப்பன் பெண்சாதி ருக்மணிக்கு அப்படி வாய்த்திருந்தது. ஓசூர்த் தேருக்கு வந்த ஜனத்தில் மாலூர்க்காரர்கள் இருந்தார்கள், ஆனேக்கல்காரர்கள் இருந்தார்கள், பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கிய செருப்புக்கால் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அத்தனை பேர் விலாவிலும் அன்றைக்கு ருக்மணியின் முழங்கை ஒரு தடவையாவது பட்டிருக்கும்.

"பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்பாள். யார் என்ன கேட்டாலும் அதுதான் பதில். காலை மிதித்துவிட்டாயே என்றாலும் அதுதான், என் பிள்ளையை ஏன் தள்ளினாய் என்றாலும் அதுதான்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்து நின்றவன் சம்பங்கி. ஆறு வயது. அவன் சாப்பிடும் முன்னே ஊர் சாப்பிடக் கூடாது, அவன் பார்க்கும் முன்னே ஊர் தேரைப் பார்க்கக் கூடாது. தாய் மனசு என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? மற்றப் பிள்ளைகளையும் ஒருத்தி பத்து மாதம் சுமந்துதான் பெற்றாள் என்கிற சின்ன விஷயம் மட்டும் ருக்மணிக்கு மறந்து போயிருந்தது.

முழங்கையால் ஆகாததை அன்றைக்கு முடி செய்து கொடுத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிழைத்தால் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள், இறக்கும் நாள்வரை அந்தத் தலையில் கத்தரி வைக்க மாட்டார்கள். அதற்குச் சாமி முடி என்று பெயர். சாமி முடிப் பிள்ளையை யாரும் எந்த வரிசையிலும் காக்க வைப்பதில்லை. தடுத்தவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்று பயம்.

சம்பங்கிக்கு நேர்ந்த முடியை மூன்றாம் வயதிலேயே இறக்கியாகிவிட்டது. இப்போது அவன் தலையில் இருந்தது வெறும் சோம்பேறி முடி. நாவிதர் வீட்டுக்கு வந்த இரண்டு முறையும் பையன் வைக்கோல்போரில் ஏறி ஒளிந்துகொண்டான், அது தோளுக்கு வளர்ந்துவிட்டது. தேர் நாளாயிற்றே என்று ருக்மணி காலையில் அதை அள்ளி முடிந்து கனகாம்பரம் சுற்றிவிட்டாள். மலைப்படியில் ஏறும்போது முன்னால் போன கிழவர் ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "தேவர கூதலு, தாரி பிடி!" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். சாமி முடி வருகிறது, வழி விடுங்கள் என்று அர்த்தம். ஜனம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ருக்மணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

அதுதான் முதல் தடவை. இறங்கும்போது யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை, அவளே சொன்னாள். "சாமி முடிக்கு வழி விடுங்க, வழி விடுங்க!" அப்புறம் தேர்வடத்தண்டை ஒரு தடவை. மிட்டாய்க் கடையில் ஒரு தடவை. மிட்டாய் தின்பதற்கும் சாமி முடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. சாமி காரியம், நமக்கென்ன வம்பு என்று ஒதுங்கினார்கள். பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று ருக்மணிக்கே தெரியாது.

தேர்ப்பேட்டைக் குளத்துக்கு இந்தாண்டை இருந்த வெளியில் தொட்டில் ராட்டினம் போட்டிருந்தான் மதுரைவீரன். சேலத்துப் பக்கத்து ஆள், ஒல்லியாக நெட்டையாக இருப்பான். நான்கு மரப்பெட்டி, பெட்டிக்கு இரண்டு பிள்ளை. அவன் ஒரு பக்கமும் அவன் தம்பி ஒரு பக்கமும் நின்று கையால்தான் சுற்றவேண்டும். பெட்டி மேலே போகும்போது மலைக்கோயில் கோபுரமும், கீழே ரோட்டில் நகரும் தேரும் ஒரே பார்வையில் தெரியும் என்று கூவிக் கூவி அழைத்தான். அதற்காகவே பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

அந்த வரிசையில் உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே வந்து நின்றவர்களில் கெம்பம்மாவும் அவள் மகள் செல்லியும் இருந்தார்கள். கெம்பம்மாவின் புருஷன் திம்மராயன், நாராயணப்பன் வீட்டுப் பண்ணையாள். வீட்டுக்காரர்கள் வில்வண்டியில் வர, கெம்பம்மா ஐந்து வயதுப் பெண்ணை நடத்திக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வண்டிக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். ராட்டினம் என்பது போன வருஷத் தேருக்கே செல்லிக்குக் கொடுத்த வாக்கு. அப்போது முறை வருவதற்குள் பொழுது போய்விட்டது. இந்த வருஷம் எப்படியும் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியே ஒரு வருஷம் களை பறிக்கும் இடத்தில் அந்தப் பெண்ணை அழாமல் உட்கார வைத்திருந்தாள்.

ருக்மணி வந்து சேர்ந்தபோது கடைசிப் பெட்டியில் செல்லியை உட்கார வைத்தாகிவிட்டது. பக்கத்து இடம் காலி. பெற்றவர்கள் எல்லாம் கயிற்றுக்கு அப்பால் போங்கள் என்று மதுரைவீரன் விரட்டியதில் கெம்பம்மா எதிர்ப்பக்கம் போய்க் கூட்டத்துக்குள் நின்றாள். அண்ணன் தம்பி இருவரும் அச்சுக்கு விளக்கெண்ணெய் விட அந்தப் பக்கம் குனிந்திருந்தார்கள்.

"அம்மா, நானு! நானு இப்பவே!" என்று சம்பங்கி குதித்தான்.

"இருடா கண்ணு." ருக்மணி முழங்கையை வைத்தாள். "சாமி முடிக்கு வழி விடுங்க!" வரிசையில் நின்ற ஒரு தகப்பன், "எங்க புள்ளையும் காலைலேர்ந்து நிக்குதும்மா" என்று சொல்லிப் பார்த்தான். "ஒன் புள்ளைக்கு வேண்டுதல் இருக்கா? இல்லேல்ல? தள்ளு" என்றாள். அவன் தள்ளி நின்றான். கயிற்றுக்கடியில் குனிந்து பெட்டியண்டை வந்துவிட்டாள்.

"அம்மா, செல்லி கூட உக்காந்துக்கறேன்" என்றான் சம்பங்கி. அவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பெட்டியில் இடம் இருந்தது.

ருக்மணிக்கு அது முடியாது. பண்ணையாள் பெண்ணோடு தன் பிள்ளையைத் தொடைமேல் தொடை பட உட்கார வைத்து, ஆகாசத்தில் ஊருக்கெல்லாம் காட்டுவதா? "எறங்குடி" என்றாள். செல்லி புரியாமல் விழித்தாள். ருக்மணி அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, வரிசைக்குத் தெரியாத பின்பக்கமாகத் தரையில் இறக்கிவிட்டாள். அந்தப் பெண்ணை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

செல்லிக்கு உதடு பிதுங்கியது.

"ஷ்! அழுதே, பாரு! ஓடு, நம்ம வண்டிக்கடியில போய் உக்காரு. நான் வந்து சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

தலையை ஆட்டிவிட்டு அது போயிற்று. ருக்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு இப்படி நூறு விரட்டல் விரட்டுகிறவள், எந்த வாயில் என்ன சொன்னோம் என்று முடிந்து வைத்துக்கொள்வாளா என்ன. சம்பங்கியைத் தூக்கி உட்கார வைத்தாள். மதுரைவீரன் எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தான். போகும்போது பெட்டியில் ஒரு பிள்ளையை விட்டுப்போனான், இப்போதும் ஒரு பிள்ளை இருந்தது. கட்டையைப் போட்டு அடைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தான்.

ராட்டினம் கிறீச் கிறீச்சென்று எழும்பியது. சம்பங்கி மேலே போய் "தேர் தெரியுதும்மா!" என்று கத்தினான். ருக்மணிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் கெம்பம்மாவைப் பார்த்தாள்.

கெம்பம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவர்கள் தலை மறைக்க, எம்பி எம்பிக் கையை ஆட்டினாள். "செல்லீ! பயப்படாத! கெட்டியாப் புடிச்சுக்க!" பெட்டி சுற்றும் வேகத்தில் உள்ளே இருக்கிற தலை எது என்று தெரியாது. சம்பங்கி இருந்த பெட்டியைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். சம்பங்கியும் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கையை ஆட்டினான். கெம்பம்மா பக்கத்தில் இருந்தவளைத் தொட்டு, "பாத்தியா, கை ஆட்டுது!" என்றாள்.

ருக்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதோ சுருக்கென்றது. சரி, அடுத்த சுற்றில் ஏறிக்கட்டுமே, என்ன குடி முழுகிப் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ராட்டினம் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கெம்பம்மா கயிற்றைத் தாண்டி ஓடிவந்து முதல் பெட்டியைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். நான்காவதிலிருந்து சம்பங்கியை ருக்மணி தூக்கிக்கொண்டிருந்தாள். கெம்பம்மா பெட்டிக்குள் குனிந்தாள், பெட்டிக்கு அடியில் குனிந்தாள், அப்புறம் மேலே பார்த்தாள்.

"எங்க? எங் கொழந்த எங்க? மேல போச்சே, நான் பாத்தேனே, கை ஆட்டுச்சே!"

"எந்தக் கொழந்த? ஏத்தின புள்ளையெல்லாம் எறங்கிடுச்சே" என்றான் மதுரைவீரன்.

"வுழுந்துடுச்சா? மேலேர்ந்து வுட்டுட்டியாடா பாவி!"

அந்த ஒரு வார்த்தை போதும். திருவிழாக் கூட்டத்துக்கு எப்போதும் கையில் தினவு. பிள்ளை விழுந்துவிட்டதாம், மறைத்துவிட்டானாம் என்று ஆளுக்கு ஒரு மொழியில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டே வந்து மதுரைவீரன் சட்டையைப் பிடித்தார்கள். முதல் அடி யார் அடித்தது என்று தெரியவில்லை. இரண்டாவதிலிருந்து எல்லோரும் அடித்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணல சாமி, தெய்வமே, நான் ஒண்ணும் பண்ணல" என்று அவன் தலையை மறைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

"அம்மா, நீதான செல்லிய..." என்று ஆரம்பித்தான் சம்பங்கி. ருக்மணி கையில் இருந்த மிட்டாயை அவன் வாயில் திணித்தாள்.

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது. என்னவென்று சொல்வது? நான்தான் இறக்கினேன் என்றால் ஏன் இறக்கினாய் என்பார்கள். சாமி முடி என்றால், எங்கே எந்த வேண்டுதல் என்பார்கள். அவள் சொன்ன பொய்யைக் கேட்டு ஒதுங்கினவர்கள் பத்துப் பேர் அங்கேயே நின்றார்கள். மதுரைவீரன் வாயிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"வுடுங்க அவன! புள்ள வுழல. எறங்கிப் போனத நான் பாத்தேன்."

அடித்த கைகள் நின்றன. கெம்பம்மா ஓடிவந்தாள். "பாத்தீங்களா தாயி? எந்தாண்ட போச்சு?"

"சுத்தறதுக்கு முன்னாலயே எறங்கிடுச்சு. அந்தாண்ட... கூட்டத்துல போச்சு."

எல்லாம் நிஜம்தான். ஒன்றைத் தவிர எல்லாம் நிஜம். பாதி உண்மைக்கு முழுப் பொய்யைவிட விஷம் அதிகம். ஏனென்றால் அதை எல்லோரும் நம்பிவிடுவார்கள். நாராயணப்பன் வீட்டம்மாவே பார்த்தாளாம், கூட்டத்தில் போயிற்றாம் என்று ஜனம் கூட்டத்தில் தேடப் போயிற்று. அவள் கையை நீட்டின திசையில் குளம் இருந்தது.

அப்புறம் இரண்டு மணி நேரம். மாட்டுச் சந்தையிலிருந்து நாராயணப்பனும் திம்மராயனும் ஓடிவந்தார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது, உப்பும் மிளகும் வாரி எறிந்தார்கள், வாழைப்பழத்தில் தவனக் கொழுந்து செருகித் தேர்மேல் வீசினார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஒரே ஒரு குரல் ருக்மணிக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. "செல்லீ... செல்லீ..." தெற்கே போயிற்று, வடக்கே வந்தது, வளையல் கடைகளுக்குள் நுழைந்து வந்தது. போகப் போக அந்தக் குரல் உடைந்து, பெயர் தேய்ந்து, வெறும் ஊளையாக ஆயிற்று.

ருக்மணியும் தேடினாள். சும்மா சொல்லக் கூடாது, நாய் மாதிரி தேடினாள். யாருக்கும் தெரியாமல் நாமே கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு ஆசை. எங்கே போகச் சொல்லி விரட்டினோம் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. சந்திரசூடேஸ்வரா, அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடு, நிஜமாகவே முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட மறுநிமிஷமே, எந்த வாயால் வேண்டுகிறாய் என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அன்றைக்குக் காலையிலிருந்து அந்தச் சாமி பெயரைச் சொல்லித்தான் ஜனத்தைத் தள்ளினாள்.

ஒரு இடத்தில் கெம்பம்மா எதிரே வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கால் கட்டைவிரல் இடித்து நகம் பெயர்ந்திருந்தது. அவள் ருக்மணியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயி, நீங்க ஏன் தாயி வெயில்ல அலையறீங்க. புள்ளையோட போய் நெழல்ல உக்காருங்க. நான் வண்டியண்டக்கூடப் போய்க் கூப்புட்டுப் பாத்துட்டேன். குரலே இல்ல."

அடித்திருந்தால்கூட ருக்மணி தாங்கியிருப்பாள். இந்தக் கரிசனத்தைத் தாங்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குளத்தில் ஆள் இறங்கியது. படியோரத்தில் ஒரு சின்னத் துணி மிதந்ததாம். அது செல்லியின் பாவாடை இல்லை என்று கெம்பம்மா நூறு தடவை சொன்னாள், ஆனாலும் இறங்கினார்கள். மூங்கில் கழியை வைத்துத் துழாவினார்கள். திம்மராயன் இடுப்புத் தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அவன் கால் எதிலாவது பட்டு நிற்கும்போது கெம்பம்மா கரையில் மூச்சை நிறுத்திக்கொண்டாள். கல் என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள்.

ருக்மணி படியில் நின்று அதைப் பார்த்தாள். அடுத்த தடவை கல்லாக இல்லாவிட்டால்? பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. இந்த நினைப்பு வந்ததும் அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே அவளும். அந்த வலி தெரிந்தவள் செய்கிற காரியமா இது? தெரியாதவள் செய்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு.

சம்பங்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். மிட்டாய் கரைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பயத்தில் கிசுகிசுவென்று கேட்டான்.

"அம்மா, ஏன் தண்ணில தேடறாங்கோ? நீதான செல்லிய வண்டிக்கடியில உக்காரச் சொன்னே?"

"என்னது?"

"நீ வந்து சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொன்னியே. வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

ருக்மணி எழுந்து ஓடினாள். பையனைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். முழங்கையை மறந்து, வழியில் நின்றவர்கள்மேல் தானே மோதி மோதி விழுந்து ஓடினாள். மாடு அவிழ்த்த வண்டிகள் தோப்பில் வரிசையாக நின்றன. அவர்கள் வண்டிக்கு அடியில், மாட்டுக்குப் போட வைத்திருந்த வைக்கோல் கட்டும், வெயிலுக்குத் தொங்கவிட்ட சாக்குப் படுதாவும் அப்படியே இருந்தன. மண்டியிட்டு அந்தப் படுதாவை விலக்கினாள்.

செல்லி இருந்தாள்.

சக்கரத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. எறும்பு கடித்துக் கால் முழுக்கத் தடித்திருந்தது. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ருக்மணியைப் பார்த்ததும் கையைக் கொஞ்சமாக விலக்கி, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அசையலம்மா."

"ஒங்கம்மா வந்து கூப்புட்டாளே, கேக்கலியாடி?" என்றாள் ருக்மணி.

"கேட்டுச்சு." செல்லி ருக்மணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், தப்பாகிவிடுமோ என்று. "நீங்க கூப்புடல இல்ல?"

சொல்லிவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ருக்மணி அவளை வெளியே இழுத்து மார்போடு தூக்கிக்கொண்டாள். கிள்ளிப்போடுகிற கீரைத்தண்டு மாதிரி மத்தியானம் தூக்கி இறக்கின அதே உடம்பு. இப்போது கனத்தது. குளக்கரைக்கு அவள் போன வழியில் ஜனம் பார்த்து, "சிக்து! சிக்து!", "கெடைச்சுடுச்சு!" என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டே கூட வந்தது. மதுரைவீரனும் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு வந்தான்.

கெம்பம்மா எப்படிப் படியேறி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வந்தவள் பிள்ளையை வாங்கும் முன்னே ருக்மணியின் காலில் விழுந்தாள். "எங் கொலதெய்வமே, நீங்க கண்டெடுத்துக் குடுத்தீங்களே! உங்க புள்ள நூறு வருசம் இருக்கணும் தாயி, உங்க புள்ள..."

அவ்வளவுதான். அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ருக்மணி ஊருக்குப் புண்ணியவதியாகத் திரும்பியிருப்பாள். நாராயணப்பன் அதற்குள் மீசையைக்கூடத் தடவிக்கொண்டான். ஆனால் உங்க புள்ள என்ற வார்த்தையில் அவளுக்குள் எதுவோ முறிந்தது.

"எந்திரி கெம்பம்மா. எங் கால்ல வுழாத." அவள் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. "நான்தான் அவள ராட்டினத்துலேர்ந்து எறக்குனேன். எம் புள்ளைய ஏத்தறதுக்கு. வண்டிக்கடியில போய் உக்காரு, நான் சொல்ற வரைக்கும் அசையாத, வாயத் தொறக்காதன்னு நான்தான் சொன்னேன். சொன்னது மறந்துபோச்சு. எறக்குனது மறக்கல. அத மறைச்சேன்."

"ஏய், என்ன ஒளர்றே? வா, போலாம்" என்று நாராயணப்பன் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"இன்னும் இருக்கு. எம் புள்ள தலையில இருக்கறது சாமி முடி இல்ல. வேண்டுதல் மூணு வருசத்துக்கு முன்னாலயே முடிஞ்சாச்சு. காலைலேர்ந்து உங்க எல்லார் கிட்டயும் பொய் சொன்னேன். பொட்டியில ரெண்டு பேருக்கு எடம் இருந்துது. எம் புள்ளையே சேந்து உக்கார்றேன்னு சொன்னான். நான்தான் வேணான்னேன்."

வரிசையில் தள்ளி நின்ற அந்தத் தகப்பன் த்தூ என்று துப்பிவிட்டுப் போனான். மதுரைவீரன் துணியை எடுத்துப் பார்த்தான், ரத்தம் நின்றிருந்தது.

"இந்த வார்த்தைய அப்பவே சொல்லியிருந்தா எனக்கு முன்பல்லு மிஞ்சியிருக்கும்மா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ருக்மணி அவன் பக்கம் கைகூப்பினாள். அவன் அதைப் பார்க்காமல் ராட்டினத்தண்டை போய்விட்டான்.

கெம்பம்மா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கால் தடிப்பைத் தடவினாள், நனைந்து காய்ந்த பாவாடையைத் தடவினாள். "ஏன்டி, நான் வந்து கூப்புட்டேனே. அம்மான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேடி" என்றாள். செல்லி பதில் சொல்லவில்லை. வாயைப் பொத்திய கைக்கு மேலே இருந்து கண்கள் இரண்டும் ருக்மணியையே பார்த்தன.

கெம்பம்மாவும் மகள் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள்.

"நான்தான் கத்துக் குடுத்தேன்" என்றாள் மெதுவாக. "தாயி சொன்னா சொன்னபடி நிக்கணும்னு அடிச்சு அடிச்சுக் கத்துக் குடுத்தேன். நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கு." அப்புறம், வீட்டு வேலை எதையோ ஞாபகப்படுத்துகிறவள் போலச் சொன்னாள். "அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க வந்து சொல்ற வரைக்கும்னு சொன்னீங்களாமே. இன்னும் நீங்க சொல்லல. அது வாயத் தொறக்க மாட்டேங்குது."

ருக்மணி வந்து செல்லியின் முன்னால் நின்றாள். வாழ்நாளில் எத்தனையோ பேரை எத்தனையோ விரட்டு விரட்டியவளுக்கு இரண்டு வார்த்தை சொல்ல முடியவில்லை. கடைசியில் சொன்னாள்.

"பேசலாம் செல்லி. அழலாம்."

செல்லி கையை எடுத்தாள். முதலில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து, முகம் சிவந்து, மூச்சு எங்கோ போய் மாட்டிக்கொண்டது. அப்புறம் வந்தது. இரண்டு மணி நேரம் எறும்புக்கும் இருட்டுக்கும் தாயின் குரலுக்கும் அழாமல் வைத்திருந்த அத்தனையும் ஒரே கத்தலாக வந்தது. சம்பங்கி பயந்து அழ ஆரம்பித்தான்.

கெம்பம்மா முதுகைத் தட்டிக்கொடுக்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. ஊரைப் பார்த்து நடந்தாள். காலையில் வண்டிக்குப் பின்னால் வந்தவள், வண்டி கட்டுவதற்குக் காத்திராமல் நடந்தாள். திம்மராயன் ஈர வேட்டியோடு எஜமானைத் திரும்பிப் பார்க்காமல் அவள் பின்னால் போனான். அழுகிற பிள்ளையோடு அவள் வருவதைப் பார்த்து, யாரும் குரல் கொடுக்காமலே, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.